கிட் கற்கக் கருப்புத் திரை கட்டாயம் இல்லை

“கிட்டா சார்? அது டெர்மினல்ல பண்றது. நான் இன்னும் அந்த அளவுக்கு வரலை.”

திருவண்ணாமலையில் கணினி படிக்கும் மாணவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. சொல்பவர்கள் மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகிற பிள்ளைகள். பைத்தான் எழுதத் தெரிந்தவர்கள், சின்னதாக ஒரு இணையதளம் கட்டத் தெரிந்தவர்கள். ஆனால் எழுதியதன் மாற்றங்களைக் கிட் என்ற கருவியில் பதிந்து காக்கும் பழக்கம் மட்டும் இல்லை. ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்தால் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் டூ’, ‘சரியான ஃபைனல்’ என்று மூன்று நகல்கள் கிடக்கும். நேற்று ஓடியது எது என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது.

இந்தப் பிள்ளைகளுக்குத் திறமை போதவில்லை என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கு முன்னால் தேவையில்லாத ஒரு தடையை வைத்திருக்கிறோம். “கிட்டைக் கற்பதென்றால் கட்டளை வரியில்தான் கற்க வேண்டும், எடிட்டரில் பட்டனை அமுக்கிப் பழகினால் கடைசிவரை ஒன்றும் புரியாது” என்ற கருத்து பயிற்சி மையங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் யூடியூப் பாடங்களிலும் கேள்வியில்லாமல் ஏற்கப்பட்டிருக்கிறது. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் கருத்து தவறு. தொடங்குகிறவருக்குச் சரியான இடம் எடிட்டர்தான். கட்டளை வரி இரண்டாவது பாடம். அதை முதல் பாடத்துக்கு நுழைவுத் தேர்வாக்கியதால்தான் பிள்ளைகள் பாடத்துக்கே வராமல் நிற்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதங்களை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பட்டன் உள்ளே நடப்பதை மறைத்துவிடும். இரண்டு, வேலைக்குப் போனால் சர்வரில் எடிட்டர் இருக்காது; கட்டளை மட்டுமே இருக்கும். மூன்று, எடிட்டர்கள் வரும், போகும். கட்டளைகள் நிலைத்து நிற்கும். நான்கு, நேர்காணலில் கட்டளையைத்தான் கேட்கிறார்கள். நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் நாள் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு நான்கில் ஒன்றுகூடப் பதில் ஆகாது.

பட்டன் மறைக்கிறது என்கிறார்கள். எதை மறைக்கிறது? கிட்டின் சாரம் மூன்று கேள்விகளில் அடங்கும். கடைசியாகப் பதிந்த பிறகு எது மாறியிருக்கிறது? அந்த மாற்றங்களில் எவையெல்லாம் இந்தப் பதிவில் சேர வேண்டும்? ஏன் மாற்றினோம்? ஒவ்வொரு முறையும் இந்த மூன்றையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டால் கிட் வந்துவிட்டது. கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் தட்டுவது அதற்குப் பிறகு தானே வரும்.

கட்டளை வரியில் தொடங்கும் வகுப்புகளில் நடப்பது வேறு. முதல் நாளே பலகையில் மூன்று வரி எழுதிப்போடுகிறார்கள்: கிட் ஆட் புள்ளி, கிட் கமிட், கிட் புஷ். மாணவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார், அப்படியே தட்டுகிறார். அந்தப் புள்ளிக்கு ‘இந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்’ என்று பொருள். சேர்த்த பிறகு திரை ஒன்றும் சொல்லாது. அடுத்த வரிக்குக் காத்து நிற்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுதிவைத்த ஃபைல் அதில் போயிருக்கலாம். வெளியிலிருந்து இறக்கிய நூலகங்கள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரின் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் போயிருக்கலாம். ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்கும், உண்மைதான். ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கே முன்னறிவு வேண்டும். அந்த அறிவு இல்லாமல்தானே பிள்ளை வகுப்புக்கு வந்திருக்கிறது?

அதே வேலையை விஎஸ் கோட் என்ற எடிட்டரில் செய்து பாருங்கள். இடதுபுறப் பட்டையில் சோர்ஸ் கன்ட்ரோல் படத்தைச் சொடுக்கினால், அல்லது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அமுக்கினால், மாறிய ஃபைல்களின் பட்டியல் கேட்காமலே வந்து நிற்கும். புதியதற்குப் பக்கத்தில் ‘யு’, திருத்தியதற்கு ‘எம்’, நீக்கியதற்கு ‘டி’. நோட் மாட்யூல்ஸ் உள்ளே இருந்தால் அந்தப் படத்தின் மேல் நிற்கும் எண் ஆயிரங்களுக்கு ஏறிவிடும். மாறியவை மிக அதிகம் என்று எடிட்டரே எச்சரிக்கவும் செய்யும். “நான் நாலு ஃபைல்தானே சார் எழுதினேன், எதுக்கு இவ்வளவு காட்டுது?” என்று பிள்ளை கேட்கும். எதைக் கிட் கண்டுகொள்ளக் கூடாது என்று எழுதிவைக்கும் கிட்இக்னோர் ஃபைலைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல தருணம் ஆசிரியருக்கு வாய்க்காது.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். பௌர்ணமி சிறப்புப் பேருந்துகளின் நேரத்தைக் காட்டும் ஒரு சின்னப் பக்கத்தை ஒரு மாணவி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் வண்டியின் நேரத்தில் ஒரு பிழை. திருத்திவிட்டார். பட்டியலில் அந்த ஃபைலின் பெயரைச் சொடுக்குகிறார். திரை இரண்டாகப் பிரிகிறது: இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. வேலூர் வரி சிவப்பிலிருந்து பச்சையாகியிருக்கிறது; சரி. ஆனால் பன்னிரண்டு வரி தள்ளி இன்னொரு சிவப்பும் தெரிகிறது. ஏதோ சோதித்துப் பார்த்தபோது ஒரு நிபந்தனை வரியை அழித்தவர் திரும்பப் போட மறந்திருக்கிறார். அதை அங்கேயே மீட்டுவிட்டு, வேலூர் திருத்தத்தை மட்டும் சேர்த்து, ‘வேலூர் பேருந்து நேரம் திருத்தம்’ என்று ஒரு வரி எழுதிப் பதிகிறார். மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லியாயிற்று.

கட்டளை வரியிலும் இதைச் செய்யலாம். ‘கிட் ஆட்’டுடன் ‘பி’ என்ற குறியைச் சேர்த்தால் மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒய், என், க்யூ, ஏ, டி என்று ஒற்றை எழுத்தில் பதில் கேட்கும். அருமையான கருவி. அதை முதல் நாள் வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை, தரவும் முடியாது. எனவே கட்டளை வரியில் தொடங்கும் மாணவர், பார்க்காமலே எல்லாவற்றையும் அள்ளிப் போடும் பழக்கத்தோடுதான் தொடங்குகிறார். அந்தப் பழக்கம் வேலைக்குப் போன பிறகும் விடுவதில்லை.

எடிட்டர் தான் செய்வதை ஒளித்துவைப்பதும் இல்லை. அவுட்புட் பலகையில் ‘கிட்’ என்ற பிரிவைத் திறந்தால், அமுக்கிய ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் ஓடிய கட்டளை வரிவரியாக இருக்கும். எத்தனை மில்லிசெகண்டு ஆனது என்பதுகூட இருக்கும். விஎஸ் கோட் தனக்கென்று ஒரு கிட்டை வைத்திருக்கவில்லை. கணினியில் நிறுவிய அதே கிட்டைத்தான் அழைக்கிறது. கட்டளை கற்க விரும்பும் மாணவர் முதலில் பட்டனை அமுக்கட்டும். பிறகு அந்தப் பலகையைத் திறந்து பார்க்கட்டும். தான் செய்த வேலைக்குப் பெயர் என்ன என்று தெரிந்துகொள்வது, பெயரை மனப்பாடம் செய்துவிட்டு வேலையைத் தேடுவதைவிட எளிது.

தமிழர்களுக்கு இதில் தனியாகவே ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு ஃபைலுக்கு நம் ஊரின் இன்னொரு பெயரான ‘அருணை’ என்று தமிழில் பெயர் வைத்துவிட்டு, கட்டளை வரியில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ தட்டிப் பாருங்கள். அருணை என்ற பெயர் வராது. சாய்கோடும் மூன்று இலக்கமுமாகப் பதினைந்து எண்கள் வரிசையாக வரும்; 340 என்று தொடங்கும். கிட் தன் இயல்பில் ஆங்கிலமல்லாத எழுத்துகளை இப்படித்தான் காட்டும். ‘க்வோட்பாத்’ என்ற அமைப்பை மாற்றினால் சரியாகும் என்பது உண்மை. ஆனால் தன் ஊர்ப் பெயரையே எண்களாகப் பார்த்து மிரளும் முதல் நாள் மாணவருக்கு அந்த அமைப்பின் பெயர் எப்படித் தெரியும்? விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் பிரிந்தோ தெரியும். எடிட்டரில் அருணை அருணையாகவே தெரிகிறது. ஏன் மாற்றினேன் என்ற குறிப்பையும் தமிழிலேயே எழுதலாம்; கிட் அதைக் குறைவில்லாமல் காத்துவைக்கும். ஆங்கிலத்தில் ‘அப்டேட்டட்’ என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுப் போகும் மாணவர், தமிழில் எழுதலாம் என்றதும் காரணத்தை முழு வாக்கியமாக எழுதுகிறார். சிந்தனை ஓடும் மொழியில் காரணம் தெளிவாக வருகிறது.

சர்வர் வாதத்துக்கு வருவோம். சர்வரில் கட்டளைதான் இருக்கும், சரி. ஆனால் முதலாண்டு மாணவரின் கையில் சர்வர் இல்லை. ஒரு மடிக்கணினி இருக்கிறது. சர்வர் வரும்போது கட்டளையைக் கற்கட்டும். அதற்குள் பதிவு, கிளை, இணைப்பு என்ற கருத்துகள் மனத்தில் ஊறியிருந்தால், கட்டளைகள் சில நாளில் வந்துவிடும். இந்த வாதத்துக்குப் பின்னால், உண்மையான நிரலாளர் படமும் பட்டனும் தேட மாட்டார் என்ற எண்ணம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். பதிவுகளின் கிளைகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் ‘கிட்கே’ என்ற சாளர மென்பொருள் அதே ஆண்டிலேயே வந்துவிட்டது. எழுதியவர் லினக்ஸ் கெர்னலின் முக்கியமான பங்களிப்பாளர்களில் ஒருவரான பால் மெக்கரஸ். அதுவும், ‘கிட் குயி’ என்ற இன்னொரு சாளரக் கருவியும் கிட்டோடு சேர்ந்தே இன்றும் வெளியாகின்றன. ஈமாக்ஸ் எடிட்டருக்குள் மாற்றங்களைப் பதியும் வசதி 1990-களின் தொடக்கத்திலேயே இருந்தது. கிட் அப்போது பிறக்கவே இல்லை. விஎஸ் கோட் 2015 ஏப்ரலில் முதன்முதலாக வெளியானபோதே கிட் அதற்குள் இருந்தது. எடிட்டரில் இருந்தபடியே பதிவது கைதேர்ந்தவர்களின் நெடுநாள் வழக்கம். நம் ஊர் மாணவருக்கு மட்டும் அதை ஏன் இழுக்காக்க வேண்டும்?

கட்டளைகள் நிலையானவை என்ற வாதமும் நிற்கவில்லை. கிளை மாறவும் ஃபைலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை இருந்தது. அது குழப்புகிறது என்பதால் 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-இல் ‘ஸ்விட்ச்’, ‘ரீஸ்டோர்’ என்று இரண்டு புதிய கட்டளைகள் சேர்ந்தன. 2020 அக்டோபரிலிருந்து, பதிவுகளை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் முதல் கிளையின் பெயர் ‘மாஸ்டர்’ அல்ல, ‘மெயின்’. 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதியோடு கட்டளை வரியில் கிட்ஹப் பாஸ்வேர்டு தருவதே செல்லாமல் போனது. அதற்கு முன் எடுத்த பாடக் காணொளியைப் பார்த்துத் தட்டும் மாணவர், சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் பிழைச் செய்தி வாங்குகிறார், தன்மேல் சந்தேகப்படுகிறார். எடிட்டரோ உலாவியைத் திறந்து, உள்நுழையச் சொல்லி, அனுமதியைத் தானே வாங்கி வைத்துக்கொள்கிறது. நிலைத்து நிற்பது கருத்து. கட்டளையும் மாறும், பட்டனும் மாறும்.

நேர்காணல் வாதம் மாணவர்களை அதிகம் பயமுறுத்துகிறது. கட்டளையைக் கேட்கிறார்கள் என்றால் நேர்காணலுக்கு முந்தைய வாரம் கட்டளையைப் படித்துக்கொள்ளலாம். ஓராண்டாகத் தன் ப்ராஜெக்ட்டை நாளுக்கு நாள் பதிந்துவந்த வரலாற்றை அந்த ஒரு வாரத்தில் உண்டாக்க முடியாது. பணம் கொடுத்து இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை வாங்கிக்கொள்ளும் வழக்கம் தமிழகம் முழுக்க இருக்கிறது. அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. உண்மையாகவே தானே எழுதிய பிள்ளை அதை எப்படி நிரூபிக்கும்? எழுதியது, உடைந்தது, திருத்தியது எல்லாம் தேதியோடு நிற்கும் பதிவு வரிசைதான் அதற்குச் சான்று. முதலாண்டிலேயே எடிட்டரில் தொடங்கியவரிடம் அது இருக்கும். கட்டளை வரட்டும் என்று காத்திருந்தவரிடம் இருக்காது.

எதிர்த்தரப்பின் கையில் வலுவான ஒரு நிகழ்வு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். 2017-இல் ஒருவர் விஎஸ் கோடைப் புதிதாக நிறுவி, தன் ப்ராஜெக்ட்டைத் திறந்து, சோர்ஸ் கன்ட்ரோல் பலகையில் ஐயாயிரம் ஃபைல்கள் நிற்பதைப் பார்த்தார். ‘டிஸ்கார்ட்’ பட்டனை அமுக்கினார். மூன்று மாத உழைப்பு அத்தனையும் அழிந்தது. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. அவர் முறையிட்டது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பதியப்படாத ஃபைல்கள் அழிந்தே போகும் என்று வெளிப்படையாகச் சொல்லும்படி எச்சரிக்கை வாசகம் பிறகு மாற்றப்பட்டது.

அந்த நிகழ்வு சொல்லும் பாடம் எது? அவருடைய ஃபைல்கள் ஒருமுறைகூடப் பதியப்பட்டிருக்கவில்லை. ஒரே ஒரு கமிட் இருந்திருந்தால், அமுக்கிய அடுத்த நொடியே திரும்பக் கிடைத்திருக்கும். கட்டளை வரியும் இந்த ஆபத்துக்கு விலக்கல்ல: ‘கிட் ரீசெட் ஹார்ட்’ பதியாத திருத்தங்களை ஒரு வார்த்தை கேட்காமல் துடைத்துவிடும். பட்டன்கள் அத்தனையும் நல்லவை என்று நான் சொல்லவில்லை. டிஸ்கார்டைத் தொடுமுன் பதிய வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லியாக வேண்டும். ‘சிங்க்’ பட்டன் வெளியிலிருப்பதை இழுப்பதையும் நம்முடையதைத் தள்ளுவதையும் ஒன்றாகச் செய்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் செய்து பழகிய பிறகே அதைத் தொட வேண்டும். குறிப்பைச் செயற்கை நுண்ணறிவே எழுதித்தரும் பட்டனைத் தொடங்குகிறவர் தொடவே கூடாது. ஏன் மாற்றினோம் என்ற கேள்விக்கான பதிலை இன்னொருவரிடம் ஒப்படைத்தால் கற்க ஒன்றும் மிஞ்சாது. ஆசிரியரின் வேலை இந்த எச்சரிக்கைகளைத் தருவது. பலகையையே மூடிவைப்பது அல்ல.

பதிந்துவிட்டு மாற்று என்ற ஒழுக்கம் நமக்குப் புதியதும் அல்ல. அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து வைத்துவிட்டே இடித்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. சோழர் காலம் தொட்ட கல்வெட்டுகள் அருணாசலேசுவரர் கோயில் சுவர்களிலும் நிறைந்திருக்கின்றன. அவற்றின் முன்னால் நடந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, இடிக்கும் முன் படியெடு என்ற விதி ஒரே வாக்கியத்தில் விளங்கும். அதற்கு உளிதான் வேண்டும், வேறு எதுவும் கூடாது என்று நாம்தான் நிபந்தனை போடுகிறோம்.

எடிட்டரில் தொடங்குவதால் இன்னொரு குழப்பமும் தீரும். கிட்டும் கிட்ஹப்பும் ஒன்று என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். இணையம் இல்லாமல் பதிய முடியாது என்று நம்புகிறார்கள். பௌர்ணமி இரவில் கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் திரளும்போது ஊரில் செல்போன் இணையம் திணறும். அந்த இரவிலும் மாணவர் எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பதியலாம், பழைய நிலைக்குத் திரும்பலாம். கிட்டின் முழு வரலாறும் அவருடைய மடிக்கணினிக்குள்ளேயே இருக்கிறது. கமிட் பட்டன் ஓரிடத்திலும், வெளியே அனுப்பும் பட்டன் வேறிடத்திலும் இருப்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. கூட்டம் கலைந்த மறுநாள் அனுப்பிக்கொள்ளலாம்.

அப்படியானால் முதல் வகுப்பு எப்படி இருக்க வேண்டும்? கிட்டை நிறுவுங்கள், எடிட்டரோடு அது வராது. பெயரையும் மின்னஞ்சலையும் பதிய இரண்டு வரி கட்டளை தட்டத்தான் வேண்டும். அதை ஆசிரியர் உடனிருந்து செய்துகொடுக்கட்டும். ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். டெஸ்க்டாப் முழுவதையும் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘இனிஷியலைஸ் ரெப்பாசிட்டரி’யை அமுக்கி, பட்டியலைப் படித்து, முதல் பதிவைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு வரியை மாற்றி, பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாகப் பார்த்து, பதியச் சொல்லுங்கள். அதன் பிறகு வேண்டுமென்றே நிரலைக் கெடுக்கச் சொல்லி, மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். உடைத்தாலும் மீட்கலாம் என்று ஒருமுறை உணர்ந்த பிள்ளை அதன் பிறகு சோதித்துப் பார்க்கப் பயப்படாது. கிளை அடுத்த வாரம், கிட்ஹப் அதற்கடுத்த வாரம். எழில் நிரல் மொழியும் ஓபன் தமிழ் நூலகமும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கின்றன. தமிழுக்கான அந்த நிரல்களை இறக்கிப் பார்த்து, யார் எதை ஏன் மாற்றினார்கள் என்று படிக்கவைக்கலாம். கட்டளை வரி அதற்குப் பிறகு வரட்டும். அப்போது அது பயமுறுத்தாது. ஏற்கெனவே தெரிந்த வேலைக்கு விரைவான வழியாக இருக்கும்.

தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் தொடங்கியதிலிருந்து தொழில்துறைப் பாடங்கள் சிறிய ஊர்க் கல்லூரிகளுக்குள்ளும் வருகின்றன. இது நல்ல வாய்ப்பு. அந்தப் பாடங்களை நடத்துகிறவர்களிடமும், ஆய்வகத் தேர்வு வைக்கும் ஆசிரியர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ‘கிட் கட்டளைகள் பத்தினை எழுதுக’ என்று கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். மாணவரின் மடிக்கணினியைத் திறக்கச் சொல்லுங்கள். பதிவு வரிசையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஏதேனும் ஒரு பதிவைத் தொட்டு, ‘இதை ஏன் மாற்றினாய்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளை எந்தத் திரையில் கற்றிருந்தாலும் கிட் கற்றுவிட்டது.